ஏழாமவனின் தலை

– தலையை ஆட்டாதே மாப்ளே. ஆட்ட ஆட்ட மண்ணு இறுகும்.

– ஆட்டறதுக்கு வேற என்ன மிச்சம் வச்சிருக்கே மச்சான்? கை உள்ளே, கால் உள்ளே. வெளியில இருக்கிறது இந்த மண்டை ஒண்ணுதான். அதையும் கொஞ்ச நேரத்துல உழப் போறீங்க.

– நான் உழலை வெல்டன். ஊர் உழுது.

– ஹெசல்ரோட் ஊர்த்தலைவர் எண்ட்ரஸ்னு ஒருத்தன் இருந்தானே, என் அக்காவைக் கட்டினவன். அவன் எங்கே போனான்?

– கத்தாதே. வேலியோரமா நூத்திப் பத்து பேர் நிக்கிறாங்க. உன்கிட்ட நான் பேசி முடிக்கிற வரைக்கும்தான் பொறுமை. பாரு, அதுக்கே ஒரு பீப்பாய் பீர் உடைச்சு உட்கார வச்சிருக்கேன்.

– அதுல எனக்கு ஒரு வாய் குடுக்கத் தோணலை பாரு.

– இந்தா. மெதுவா. மூக்குல ஏறிடப் போகுது.

– தூ… ஒரே புளிப்பு. சாகறவனுக்கு நல்ல பீர் ஊத்தக் கூடாதுன்னும் அந்தப் பழைய சட்டத்துல இருக்கா?

– விளையாட்டுப் பேச்சை விடு. பாரு, நேரம் இல்ல. காட்டோர எல்லைக்கல்லை நேத்து காலையில தோண்டினோம். கீழே ஒண்ணுமே இல்ல. எல்லை காக்கற எழுவர் நட்ட கல்லுக்கு அடியில ரகசிய அடையாளம் இருக்கும்னு பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அடையாளம் இல்லைன்னா கல்லு நகர்ந்திருக்கு. ஒரு பக்கம் ஊர்க்காடு, மறுபக்கம் உன் புல்தரை. வேற யாரை மாப்ளே சந்தேகப்படுவாங்க?

– சந்தேகப்படறது ஒண்ணு, நாத்து மாதிரி நட்டு வைக்கிறது ஒண்ணு.

– நீ நகர்த்தலைன்னு நான் நம்பறேன்.

– நம்பித்தான் கழுத்து வரைக்கும் மூடினியா? கடைசி நாலு மண்வெட்டி உன்னுடையது. கீழேயிருந்து பாத்தா நல்லாத் தெரிஞ்சுது.

– தலைவன் ஒதுங்கி நின்னா என்னையும் உள்ளே தள்ளியிருப்பாங்கடா! பாரு, ஒரு வழி இருக்கு. பழைய இடத்துல அடையாளம் அப்படியே கிடக்கும். அது காட்டுக்குள்ள தள்ளிக் கிடைச்சா கல்லு உன் பக்கமா நகர்ந்திருக்குன்னு அர்த்தம். நஷ்டம் உனக்கு. அப்போ நீ திருடன் இல்ல. எதைத் தேடணும்னு மட்டும் சொல்லு. செங்கல் துண்டா? கண்ணாடியா? எலும்பா? நானே என் கையால தோண்டி எடுத்து ஊருக்குக் காட்டி, உன்னை வெளியே இழுத்துடறேன்.

– எழுவர்ல ஒருத்தனுக்குத்தான் சொல்லலாம். வேதப் புத்தகத்து மேல மூணு விரலை வச்சு சத்தியம் பண்ணினவன் நான்.

– எழுவர் எங்கடா இருக்காங்க? ஆறு பேரும் விஷக் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. பனி உருகி குழி வெட்டற வரைக்கும் வைக்கோல் கொட்டடியில அடுக்கி வச்சிருந்தோம், மறந்துட்டியா? நீ ஒருத்தன்தான் பாக்கி.

– அதைத்தானே நானும் சொல்றேன். ஊரோட நூத்தி அறுபது வயலுக்கும் எல்லை எதுன்னு தெரிஞ்ச ஒரே தலை இதுதான். இதைப் போய் உழறீங்களே, மூளை கெட்டவங்களா. முந்தி பிரபுவோட நிர்வாகக் கச்சேரியில வயல் வரைபடம் இருந்துது. அதை யாரு கொளுத்தினா?

– எல்லாரும்தான்.

– முதல் கொள்ளியை யாரு வீசினா?

– …நான்தான். மார்ச் மாசம் ஊருக்கு ஊர் கச்சேரி எரிஞ்சுது. நாம மட்டும் கையைக் கட்டிட்டு நிக்கணுமா? கூலியில்லாம மூணு தலைமுறை அந்தப் பிரபுவுக்கு வேலை செஞ்ச பத்திரம் அத்தனையும் அங்கேதானே இருந்துது.

– பத்திரத்தை மட்டும் பொறுக்கி எரிச்சிருக்கலாம். நீ அலமாரியோட எரிச்சே. வரைபடம் எரியறப்போ மதில் மேல ஏறி நின்னு ஆடினே. நான் வாளியில தண்ணி தூக்கிட்டு வந்தேன். என் முதுகுல உதைச்சது யாரு?

– அதை விடு இப்போ.

– விட்டுட்டேன். கைதான் உள்ளே இருக்கே, பிடிச்சு வைக்கவா முடியும்.

– தலைவரே… மன்னிக்கணும். மாடு பூட்டியாச்சு. பேச்சு போதும்னு சொல்லச் சொன்னாங்க.

– வாங்க வாத்தியாரே! லீன்ஹார்ட் வாத்தியார் வந்துட்டார். கலப்பையே தொடாத ஒரே ஆம்பளை. ஊர்ல உங்களுக்குக் கிடைச்ச மரியாதையைப் பாத்தீங்களா?

– வெல்டன் ஐயா, நான்… அதாவது, நான் இப்படி ஆகும்னு நினைக்கலை. ஊர் வரலாறு எழுதலாம்னு ஊர்ப் பெட்டியைத் திறந்தேன். அதுல அந்தத் தோல் ஏடு இருந்துது. முந்நூறு வருஷத்துப் பழசு. எல்லாரும் சிரிப்பாங்கன்னுதான் சாராயக் கடையில வாசிச்சேன்.

– சிரிச்சாங்களா?

– இல்லை. திரும்ப வாசிக்கச் சொன்னாங்க.

– எனக்கும் ஒருதரம் வாசிங்க. எதுக்காகச் சாகறேன்னு தெரிஞ்சுக்கறேன்.

– "எல்லைக்கல்லை நகர்த்துகிறவனை அக்கல் நின்ற குழியிலேயே கழுத்துவரை நட்டு, புதுக் கலப்பையில் ஏர் பழகாத நான்கு எருதுகளைப் பூட்டி, உழவே அறியாத ஒருவனைக் கொண்டு அவன் தலைமேல் மூன்று சால் ஓட்டுக. மூன்றுக்கும் பிழைத்தால் அவனை விடுக."

– பரவாயில்லை, மூணுதான். தாராள மனசுக்காரங்க.

– தலைவரே, இது ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தெட்டு! ரயில் ஓடுது! மியூனிக்ல ராஜா இருக்கார், நீதிமன்றம் இருக்கு. மனுஷனை உழறதா?

– ராஜாவோட சட்டப் புத்தகமும் கச்சேரியிலதான் எரிஞ்சுது வாத்தியாரே. நீங்களும்தான் வெளியில நின்னு பாட்டுப் பாடினீங்க. புதுச் சட்டம் போச்சுன்னா பழைய சட்டம்தான் செல்லும்னு ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டுது. எழுதினது நீங்க.

– கை தூக்கினவங்களை எண்ணினது நீங்க.

– ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போடுங்க. எனக்குக் கழுத்து வலிக்குது. வாத்தியாரே, கிட்ட வாங்க. குனிங்க. கைப்பிடியைத் தூக்கினா கொழு மண்ணுல இறங்கும், அமுக்கினா மேலே வரும். இடது பக்கம் சாய்ச்சா கலப்பை வலது பக்கம் ஓடும். என் தலைகிட்ட வரும்போது நல்லா இடது பக்கம் சாய்ங்க. புரியுதா?

– எந்தக் கையை எங்கே வைக்கணும் ஐயா?

– எனக்குக் காட்டக் கையில்லை. போங்க.

– வாத்தியாரே, நேரா ஓட்டுங்க. எல்லாரும் பாக்கறாங்க.

– மச்சான், நீ வாயை மூடு. இடது! இடது சாய்ங்க! அய்யோ மாடு மிரளுது… சாய்ங்க வாத்தியாரே! ஆ…! ஆஆ…!

– ஐயா! ஐயா! பட்டுடுச்சா?

– காது… காது இருக்கா பாருங்க.

– பாதி இருக்கு. மீதி… மீதி கொழுவுல ஒட்டிட்டு இருக்கு. கர்த்தரே, நான் என்ன செஞ்சேன்.

– அழாதீங்க. நல்லாத்தான் சாய்ச்சீங்க. சின்ன வயசுல என் அக்கா குனிகுண்ட் இந்தக் காதைத்தான் திருகுவா. இனிமே அவளுக்குத் திருக ஒண்ணும் இல்ல. மச்சான், அவ எங்கே?

– உருளைக்கிழங்கு அறையில பூட்டி வச்சிருக்கேன். கோடாலியை எடுத்துட்டு இங்கே ஓடி வரப் பாத்தா.

– யாரை வெட்ட?

– என்னைத்தான்.

– என் அக்காடா!

– தலைவரே, கல்லெறியறாங்க! என் முதுகுல ரெண்டு விழுந்துது. வாத்தியார் வேணும்னே விலக்கறான்னு கத்தறாங்க. அதாவது… இந்தத் தரம் நீங்க முன்மாட்டைப் பிடிச்சு நேரா நடத்தணுமாம். இல்லைன்னா ஐயாவுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு குழி வெட்டறாங்களாம். வெட்ட ஆரம்பிச்சாச்சு, அதோ பாருங்க.

– மாப்ளே, கேட்டியா? இப்பவாவது சொல்லித் தொலை. என் கையால மாட்டைப் பிடிக்க வைக்காதே.

– பிடிக்காதே. பிடிக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு. நீதானே தலைவன்.

– சொன்னா என்னை விட்டுடுவாங்களா?

– விட மாட்டாங்க. ஆனா சொல்லலாம்.

– …வாத்தியாரே, போய்க் கலப்பையைப் பிடிங்க.

– தலைவரே!

– பிடிடான்னா!

– வர்றான் பாரு என் மச்சான். கண்ணை எங்கே வச்சுக்கறே? இங்கே பாரு. மாட்டைப் பாக்காதே, என்னைப் பாத்துட்டு வா!

– ஹோ… ஹோய்… நட… பாக்காதடா என்னை! கண்ணை மூடிக்கோ!

– மூட மாட்டேன்… வாத்தியாரே அமுக்குங்க! கைப்பிடியை அமுக்… ம்ம்ஆ…!

– நிறுத்துங்க! நிறுத்துங்க தலைவரே, கொழு சிக்கிடுச்சு! தோள்ல… எலும்புல சிக்கியிருக்கு!

– பின்னாடி தள்ளு! மாட்டை நான் பின்னாடி தள்ளறேன், நீ தூக்கு!

– வரலை… வந்துடுச்சு. ஐயோ, இவ்வளவு ரத்தமா. ஐயா, வெல்டன் ஐயா, உசிரு இருக்கா?

– …இருக்கு. ஒரு கண்ணு தெரியலை. நெத்தித் தோல் கீழே தொங்குதா?

– ஆமா.

– தூக்கி மேல வைங்க. பார்வையை மறைக்குது.

– வச்சுட்டேன். கைக்குட்டையால கட்டறேன். தலைவரே, இன்னும் ஒண்ணுதான். மூணாவதும் விலகிடுச்சுன்னா சட்டப்படி விட்டுடணும். விடுவாங்க இல்லையா?

– வேலியைப் பாருங்க. அவங்க முகத்தைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.

– மச்சான்… கிட்ட வா.

– வந்துட்டேன். சொல்லு மாப்ளே. சொல்லிடு. ஒரு வார்த்தை. நான் ஓடிப் போய் கத்தி நிறுத்திடறேன்.

– இந்த ஊர்க் கதை தெரியுமா உனக்கு? ஸ்வீடன்காரன் படை வந்து ஊரை எரிச்ச சண்டைக்கு அப்புறம் இங்கே மூணு புகைக்கூண்டுதான் நின்னுது. எங்கெங்கேயிருந்தோ பஞ்சத்துல வந்தவங்கதான் நம்ம பாட்டன்மார். எது யாரு நிலம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரே அறுவடையில பதினொரு பேரை அரிவாளாலயே அறுத்துக்கிட்டாங்க. அண்ணனைத் தம்பி அறுத்தான்.

– எனக்கும் தெரியும். அதையும் பெட்டியிலேர்ந்து எடுத்து வாத்தியார் வாசிச்சார்.

– அப்புறம் எழுவரைத் தேர்ந்தெடுத்தாங்க. ஊர்லயே நியாயமான ஏழு பேர். அவங்க தனியாப் போய்க் கல்லு நட்டாங்க. கீழே அடையாளம் வச்சிருக்கோம், யாரு நகர்த்தினாலும் காட்டிக் குடுத்துடும்னாங்க. அன்னையிலேர்ந்து இருநூறு வருஷமா ஒரு கல்லு நகரலை. ஒரு அரிவாள் ஓங்கலை. ஏன்?

– அடையாளத்துக்குப் பயந்துதான்.

– ஆமா. பயந்துதான்.

– அதைத்தானே கேக்கறேன், அந்த அடையாளம் என்ன?

– சொன்னா நீ நம்ப மாட்டே. நம்பினா அதைவிட மோசம். நான் வாயைத் திறந்தா, மச்சான், இந்த ஊர்ல ஒரு வயல் பாக்கியில்லாம தலை முளைக்கும். என்னோட போகட்டும்.

– மிரட்டறியா? செத்துக்கிட்டு இருக்கும்போதும் ஊரை மிரட்டறியா? பாரு வாத்தியாரே, இவனைக் காப்பாத்த நான் நாய் மாதிரி கெஞ்சறேன். இவன் கௌரவம் பாக்கறான்!

– கௌரவம் இல்லடா. எனக்கு மட்டும் சாக ஆசையா? அந்தப் புல்லுல இன்னும் ஒருதரம் படுத்துப் புரளணும்போல இருக்கு. முதல் அறுப்பு வர்ற நேரம்.

– அப்போ சொல்லு!

– அக்காவை வெளியே விடு. கோடாலியை மட்டும் வாங்கி வச்சுக்கோ.

– தலைவரே, கூப்பிடறாங்க. இந்தத் தரம் நாலு பேர் மாட்டுக்கு ரெண்டு பக்கமும் நடக்கப் போறாங்களாம், விலகாம இருக்க. நான் சாய்க்கவே முடியாது. ஐயா, என்னை மன்னிச்சிடுங்க.

– வாத்தியாரே, அப்போ கைப்பிடியைத் தூக்குங்க. நல்லாத் தூக்குங்க. ஆழமா இறங்கட்டும், சீக்கிரம் முடியும். பாதியில விட்டுடாதீங்க, அது மட்டும் வேண்டாம்.

– தூக்கறேன் ஐயா.

– மச்சான், இப்போ வேணும்னா மாட்டையே பாத்துக்கோ.

– ஹோய்… நட… நடங்கடா… கர்த்தரே… ஹோய்…

– …

– …

– வெல்டன் ஐயா?

– நிறுத்துங்கடா. மாட்டை நிறுத்துங்கடா.

– வெல்டன் ஐயா? தலைவரே, இவர் வாய் இன்னும் அசையுது.

– அசையலை. காத்துல ரத்தம் நுரைக்குது. உங்க மேல்சட்டையைக் கழட்டுங்க. மூடுங்க. முழுசா மூடுங்க, அந்தப் பக்கம் தெரியுது.

– நான்தான் தூக்கினேன். அவர் சொன்னார், நான் தூக்கினேன்.

– வாந்தியெடுக்கறதை அந்தப் பக்கம் போய் எடுங்க. எல்லாரும் பாக்கறாங்க.

– அவங்க ஏன் இன்னும் கலையலை? மூணு சாலும் ஓட்டியாச்சே?

– கலையாம நிக்கும்போதுதான் பயமா இருக்கு. போய் என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க. நான் இவன்கிட்ட நிக்கறேன்.

– …

– மாப்ளே, உன்னை யாருடா பிடிவாதம் பிடிக்கச் சொன்னது? ஒரு வார்த்தைடா. ஒரே ஒரு வார்த்தை. உன் அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? முட்டாளே. முட்டாப் பயலே.

– தலைவரே, கேட்டுட்டேன். திருடன் செத்தான், காட்டு எல்லை எங்கேன்னு கேக்கறாங்க. கல்லைப் பழைய இடத்துல நட்டாதான் வீட்டுக்குப் போவாங்களாம். இதுக்கு மேல சும்மா விட்டா ஆளாளுக்கு காட்டுல புகுந்து மரம் வெட்டுவாங்க. இப்பவே ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

– பழைய இடத்துல அடையாளம் இருக்கும். அதைத் தேடினாப் போதும்.

– எதைத் தேடறது? அடையாளம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவர்… அதாவது… இவர்தானே.

– இருங்க. யோசிக்க விடுங்க. பாரு… ஆமா! சந்தேகமே இல்லாத ஒரு கல்லைத் தோண்டிப் பாத்தா அடையாளம் என்னன்னு தெரிஞ்சுடும். அதே மாதிரி இங்கே தேடலாம்.

– சந்தேகமே இல்லாத கல்லு எது?

– என் கல்லு! அடுத்த வரப்புலதான் இருக்கு. என் தாத்தாவோட தாத்தா காலத்துல எழுவர் நட்டது. பாசி பிடிச்சு மண்ணோட மண்ணா உறைஞ்சு கிடக்கு. நகர்ந்ததுன்னு பேயே வந்து சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். கூப்பிடுங்க எல்லாரையும். ஊர்த்தலைவன் தன் கல்லைத் தானே தோண்டக் குடுக்கறான்னு சத்தமாச் சொல்லுங்க.

– சொல்லிட்டேன். சரிங்கறாங்க. நீங்கதான் நேர்மையான ஆளுன்னு யாரோ கத்தினாங்க.

– அப்படித்தான் வழிக்கு வரணும். மண்வெட்டியை எடுங்க வாத்தியாரே. இந்தப் பக்கம் நான் நெம்பறேன். ம்… ஹூம்… சாஞ்சுது. தோண்டுங்க.

– ஒரு அடி ஆச்சு தலைவரே.

– இன்னும் தோண்டுங்க. ஆழமாத்தான் வச்சிருப்பாங்க.

– ரெண்டு அடி. வெறும் களிமண்ணு.

– ஓரத்துல பாருங்க. கையை விட்டுத் துழாவுங்க. சின்னதா இருக்கும்.

– துழாவிட்டேன். மண்புழு. வேர். வேற ஒண்ணும் இல்ல.

– தள்ளுங்க, நான் பாக்கறேன். இருக்கும். இருக்கணும். இருநூறு வருஷமா… இங்கேதான்… எங்கே… வாத்தியாரே, இந்தக் கல்லை யாரும் தொட்டதில்லை. சத்தியமா நான் தொட்டதில்லை!

– தெரியும் தலைவரே. தலைவரே… அப்போ வெல்டன் ஐயா கல்லும்…

– வாயை மூடுங்க.

– எழுவர் எந்தக் கல்லுக்கு அடியிலயும் ஒண்ணுமே வைக்கலை. அதைத்தான் அவர் சொல்ல மாட்டேன்னார். ஒண்ணுமே இல்லைங்கிறதுதான் அந்த ரகசியம்.

– வாயை மூடுங்கன்னேன்! மண்ணைத் தள்ளுங்க, குழியை மூடுங்க, சீக்கிரம்!

– மூடி என்ன பண்றது? சுத்தி நின்னு எல்லாரும் பாத்துட்டாங்க.

– அப்போ சொல்லுங்க அவங்ககிட்ட! எல்லாக் கல்லும் இப்படித்தான்னு சொல்லுங்க! நீங்க படிச்சவர், உங்க பேச்சைக் கேப்பாங்க. வேற கல்லு எதையாவது தோண்டிப் பாக்கச் சொல்லுங்க. யாருடையதா இருந்தாலும் சரி. ஒரே ஒரு கல்லு!

– கேட்டேன் தலைவரே. அவனவன் ஓடிப் போய் அவனவன் கல்லு மேல ஏறி நின்னுட்டான். யாரும் தோண்ட விட மாட்டேங்கறாங்க.

– பாக்கி நிக்கிறவங்க? அவங்க என்ன சொல்றாங்க? ஏன் இப்படிப் பக்கத்துல வர்றாங்க? வாத்தியாரே, என்னதான் சொல்றாங்க?

– மாட்டை இப்போ அவிழ்க்க வேண்டாம்னு சொல்றாங்க.